தட்டிவிட்டுத்தான் போட்டேன்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

உன் போனுக்கு அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். எடுக்க மனமில்லையா, சார்ஜ் போட வழியில்லையா, தெரியவில்லை. அதனால் பள்ளிக்கூடத்தோடு விட்ட பழக்கத்தை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும். உன் அத்தான் இப்போது நடக்கிற நடையைவிட நேராகத்தான் இருக்கும், படி.

அவர் முட்டி வீங்கிக் கிடக்கிறது. எலும்பு உடையவில்லை, சவ்வு கிழிந்திருக்கிறது, நொண்டல் போக மாசக்கணக்காகும் என்கிறார் டாக்டர். அந்தச் செங்கல் நம் பிளாக்குக்காரன் கையிலிருந்துதான் வந்தது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். முப்பது வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த சனம், பிளாக்கை இடிக்கப்போகிற சர்க்கார் கொடுத்த புதுவீட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டேன் என்பதற்காகச் சாமான் ஏற்றிய லாரியைச் சுற்றி நின்றுகொண்டு, "கையெழுத்துப் போட்ட கைய ஒடைங்கடா" என்று கத்தியது. பீரோ கண்ணாடி போயிற்று. என் தலையில் யாரோ சாக்கடைத் தண்ணீரை வாளியோடு கவிழ்த்தார்கள். அவர் லாரியிலிருந்து குதித்து வந்து என்னை மறைத்துக்கொண்டு நின்றபோதுதான் செங்கல் வந்தது. செருப்பு முழுக்க ரத்தம்.

நான் மேலே பார்த்தேன். நாலாம் மாடி நடையில் நீ கைகட்டிக்கொண்டு நின்றாய். என் கூடப் பிறந்தவன். நீ ஒரு அதட்டல் போட்டிருந்தால் அத்தனை பேரும் அடங்கியிருப்பார்கள். உன் கோபத்துக்குப் பயப்படாதவன் அந்த பிளாக்கில் கிடையாது. நீ வாயைத் திறக்கவில்லை. அதை நான் மறக்கப்போவதில்லை, சொல்லிவிட்டேன்.

இங்கே எங்களுக்கு ஆறாவது மாடி. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. கீழ்வீட்டுக்காரியைத் திட்டாமலே வருகிறது! எனக்கு இன்னும் பழகவில்லை, காலையில் வாய் நமநமவென்கிறது. உன் அத்தான் வாசல் கதவைத் திறந்து திறந்து மூடுகிறார். தச்சர் கை சும்மா இருக்குமா? சட்டத்தில் இடைவெளி உண்டா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒட்டுப் பலகைதான். ஆனா நேரா நிக்குது" என்று ஒப்புக்கொண்டார்.

அங்கே என்ன வைத்திருக்கிறது என்று நீ உட்கார்ந்திருக்கிறாய்? கூரை பெயர்ந்து டைலர் அம்மாவின் மண்டை பிளந்தபோது துண்டால் அமுக்கிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நீதானே? இவர்கள் இடிக்காவிட்டால் அது தானாகவே இடியும். வந்துவிடு. கூடத்தில் உனக்கு இடம் உண்டு.

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

கரண்டை வெட்டிவிட்டார்கள். தண்ணீரைத் தெரு முனையிலேயே அடைத்துவிட்டார்கள். போன் செத்துக் கிடக்கிறது. மூன்றாம் மாடி சலூன்காரர் கடைக்குப் போகும் வழியில் நீ சலவை வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி வாசலில் இதைக் கொடுப்பார். பதிலையும் அவரிடமே கொடு. முடி வெட்டும்போது பேசுகிற பேச்செல்லாம் அவரிடம் பேசாதே, ஊர் முழுக்கப் போய்விடும்.

கூடத்தில் இடம் உண்டாம். கணக்கெடுக்க வந்த அதிகாரி "வீட்ல எத்தன பேரு?" என்று கேட்டபோது "நானும் அவரும்" என்றாயே, அப்போது இந்தக் கூடம் எங்கே போயிருந்தது? மேல்மாடியில் ஒரு தம்பி இருக்கிறான் என்பது அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது, இல்லையா?

நான் ஆபீசுக்குப் போனேன். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்கள். "கல்யாணம் ஆகலையா? அப்ப குடும்பம் இல்ல. குடும்பம் இல்லன்னா வீடு இல்ல." பக்கத்து மேஜைக்காரன் சிரித்தான். "நாளைக்கே ஒரு பொண்ணப் பாத்துக் கட்டிக்கிட்டு வாங்க சார், யோசிக்கலாம்" என்றான். அவனை மேஜையோடு சேர்த்துக் கவிழ்த்துவிட்டு வந்தேன். மை அவன் முகமெல்லாம். என் நெஞ்சு கொஞ்சம் குளிர்ந்தது.

இந்த பிளாக்கில் என் கை படாத குழாய் எந்த வீட்டில் இருக்கிறது, சொல். எந்த வீட்டுக் கழிவறை அடைத்தாலும் "கூப்பிடு அவனை" என்றவர்களுக்கெல்லாம் இன்று வீட்டுப் பட்டியலில் பெயர் இருக்கிறது. அடைப்பெடுத்தவனுக்குத்தான் இல்லை. கைகட்டிக்கொண்டு நின்றேன் என்கிறாயே, ஆமாம், நின்றேன். கையை அவிழ்த்திருந்தால் யார் பக்கம் அடிப்பது என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது தெரிகிறது. முதல் மாடி மொத்தமும் காலி. தண்ணீர் இல்லாத கட்டடத்துக்குக் குழாய் எதற்கு? நாம் கிணறு என்று சொல்கிற நடு இடைவெளியின் சுவரில் கீழிருந்து மேல்வரை ஓடுகிற இரும்புக் குழாயில் முதல் மாடித் துண்டை முழுசாக அறுத்தெடுத்துவிட்டேன். ஆளுக்கு ஒன்றாக, கைக்கு அடக்கமாக வெட்டிக் கொடுத்தேன். முனையைப் பிசிறில்லாமல் ராவியும் கொடுத்தேன். அடிக்கிறவன் கை கிழியக்கூடாது பார்.

முந்தாநாளே வேலைக்கு வந்தது. ஒப்பந்தக்காரரின் காவலாட்கள் காலி வீடுகளில் ஜன்னலை உடைக்கிறோம் என்று வந்தவர்கள், ஆள் இருக்கிற வீட்டு ஜன்னலையும் உடைத்தார்கள். மூன்றாம் மாடி நடையில் மடக்கினோம். நெட்டையன் ஒருவன் என் கழுத்தைப் பிடித்தான். குழாயைச் சுழற்றினேன், அவன் தாடை கழன்ற சத்தம் என் கைக்கே தெரிந்தது. இரண்டு பல் படியில் உருண்டோடின. சலூன்காரர் அவற்றைப் பொறுக்கி, காகிதத்தில் மடித்து, அவன் சட்டைப்பையில் வைத்து, "சாமானெல்லாம் சரியா இருக்கா பாத்துக்கப்பா" என்று அனுப்பி வைத்தார். சிரித்து வயிறு வலித்தது. ராத்திரி தூங்கவில்லை.

அத்தான் முட்டிக்கு ஒத்தடம் கொடு.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

உன் நெட்டையனை நான் பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அவன் தலையணை உறைகள் என் சலவைத் தொட்டிக்குத்தான் வருகின்றன. ரத்தக்கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் கசக்க வேண்டும். நீ செய்ததை நான் கையால் கசக்கிக்கொண்டிருக்கிறேன். அவனுக்கும் ஒரு அக்கா இருக்கிறாள், வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் என்னிடம் சோப்புத்தூள் கேட்டாள். கொடுத்தேன். யாருடைய அக்கா நான் என்று சொல்லவில்லை.

"நானும் அவரும்" என்று சொன்னது உண்மை. ஏன் சொன்னேன்? கணக்கெடுப்புக்கு முந்தின வாரம் நீதான் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "அத்தான் கூரைக்கு அடியில நான் படுக்கணுமா? அதுக்குத் தெருவுல படுப்பேன்" என்று கத்தினாய். ரோஷக்காரன் பெயரை எழுதி, அதற்கும் நீ வந்து என்னை நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்துவாய் என்று பயந்தேன். இதுதான் நடந்தது.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டுக் குதிக்காதே. உன் அத்தான் ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். காலி செய்கிற வீடுகளில் கதவு, ஜன்னல் கழற்றுகிற வேலை. நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவராகச் சொன்னார்:

"எப்படியும் அவன் கதவை ஒடைக்கத்தான் போறானுங்க. வேற எவனாவது போனா காலால ஒதப்பான். நான் போனா ஸ்க்ரூவைக் கழட்டி, கதவைச் செவுத்துல சாத்தி வச்சிட்டு, 'வாடா மாப்ள, போலாம்'னு கூப்பிடுவேன்."

தட்டில் இருந்ததைச் சாப்பிட்டோம்.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

கூலி வாங்கிக்கொண்டு மச்சான் கதவைக் கழற்ற வருகிற மனுஷனை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நல்லா இருக்கட்டும். முதலில் படித்ததும் அந்தக் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு "வாடா மாப்ள" என்கிற துண்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது, அதை விடு.

இந்தக் கடிதத்தை சலூன்காரர் உன் ஆஸ்பத்திரியில் படுத்தபடிதான் உனக்குக் கொடுப்பார், அவர் வீட்டம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். நேற்று விடியும் முன்னால் இருபது பேர் வந்தார்கள். சலூன்காரர் கையில் குழாய்கூட இல்லை, முகம் கழுவச் சொம்பு வைத்திருந்தார். கட்டையால் ஒரே வீச்சு. இடது கண் போய்விட்டது. கண் இருந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவர்தான் எங்களுக்குச் சமாதானம் சொன்னார். கத்தி பிடிக்கிற மனுஷனுக்குக் கண் வேண்டாமா? நான் அவரைப் படியில் தூக்கி இறக்கும்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

இனி ஏறி வருகிறவனை ஏற விடப்போவதில்லை. வாசலிலிருந்து படிக்கு வர கிணற்றைக் கடக்காமல் முடியாது. காற்றுக்காக நடுவில் விட்ட இடைவெளிக்குக் கிணறு என்று பேர் வைத்துக் குப்பை கொட்டியவர்கள் நாம், அதன் அகலம் நமக்குத் தெரியும். என் சமையலறைச் சிமெண்டுத் தொட்டியைப் பெயர்த்து, கிணற்று ஜன்னல் விளிம்பில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஒரு தள்ளு போதும்.

பயப்படாதே. தட்டிவிட்டுத்தான் போடுவேன். எழுதப் படிக்கத் தெரியுமுன்னே நமக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே? கிணற்றில் எதைப் போட்டாலும் குழாயை மூன்று தட்டு. கீழே கடக்கிறவன் குழாயில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கடக்க வேண்டும். எத்தனை ரேடியோ அலறினாலும் கைக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருஷத்தில் கிணற்றில் ஒரு பூனைகூட அடிபட்டதில்லை.

வெளியாட்களுக்கு இந்த வழக்கம் தெரியாது. அவர்கள் தலையில் விழட்டும். நம் ஆளுக்குத் தெரியும். அத்தான் பிறந்ததே அந்தக் கிணற்றுக்குப் பக்கத்து அறையில். அவரிடம் சொல்: மூன்று தட்டுக் கேட்டால் அப்படியே சுவரோரம் ஒதுங்கச் சொல். அவர்மேல் ஒரு தூசி விழாது. இது என் வாக்கு.

இப்போதெல்லாம் கிணற்றில் யாரும் எதுவும் போடுவதில்லை, எல்லாவற்றையும் தெருப்பக்கம் அவன்கள் மேல்தான் வீசுகிறோம். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான்.

தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

சலூன்காரர் பிழைத்துக்கொண்டார். கட்டுக்கு மேலே இன்னொரு கண்ணால் என்னைப் பார்த்து, "பாதிக் கட்டணம்தான் இனி வாங்கணும் போல" என்றார். நான் அழுதேன்.

28-ஆம் தேதி வருகிறார்கள். போலீஸும் வருகிறது. உன் அத்தானிடம் நீ எழுதியதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்குச் சொல்லணுமா? அவன் தட்டாம ஒரு வெங்காயத் தோலக்கூடப் போட்டதில்ல" என்றார். வேண்டாம், அன்று லீவு போடுங்கள் என்று காலைப் பிடித்தேன். "நான் முன்னால போனாத்தான் மத்தவனுங்க தப்பிப்பானுங்க. குழாய்ல கை வச்சுப் பாத்துட்டுக் கூட்டிட்டுப் போறேன். அவனுங்களும் பொழைக்க வந்தவனுங்கதானே" என்கிறார்.

நீ சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அவரை அனுப்புகிறேன். நீ கையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டால் இது எதுவுமே தேவையில்லை. இறங்கி வாடா. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

இங்கே சிறையில் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும். வலது கை விரல் மூன்று வேலை செய்யவில்லை, ஸ்டேஷனில் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். இடது கையால் எழுதுகிறேன்.

அத்தான் எப்படி இருக்கிறார்? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். இயந்திரத்தால் வாசல் சுவரை உடைத்தார்கள். கட்டடமே ஆடியது, காதில் அந்த இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை. புகைக் குண்டு போட்டார்கள், கண் எரிந்தது. ஐந்தாம் மாடியிலிருந்து யாரோ "உள்ள வந்துட்டானுங்க" என்று கத்தினார்கள். நான் தட்டினேன் அக்கா. மூன்று தட்டு. நன்றாக ஓங்கி, தோள் வலிக்கத் தட்டினேன். சத்தம் மொட்டையாக இருந்தது, என் காது அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். அத்தான் ஒதுங்க நேரம் வேண்டும், முட்டி வேறு சரியில்லை என்று பத்து எண்ணினேன். இன்னும் நாலு சேர்த்து எண்ணினேன். பிறகுதான் தள்ளினேன்.

தூசி அடங்கியதும் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் தொப்பி ஒன்று கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவருடைய கால் தெரிந்தது, முட்டியில் நீ கட்டிய கட்டோடு. நான் எப்படி நாலு மாடி இறங்கினேன் என்று தெரியாது. தொட்டித் துண்டுகளைக் கையால் இழுத்துப் போட்டேன். அவர் வாயில் ரத்தம் நுரைத்தது. என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார், இரைச்சலில் கேட்கவில்லை. அதற்குள் என் முதுகில் தடி விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. வலித்ததாக ஞாபகம் இல்லை.

எழுது. ஒரு வரி போதும்.

தம்பி


மார்ச் 20

உன் அத்தான் போய்விட்டார். ஐந்து நாள் இருந்தார்.

இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. முதல் நாள் விரிப்பைச் சலவைக்கு மற்றவர்கள் எடுத்துப்போக வந்தார்கள். நான் விடவில்லை. நானே எடுத்துப்போய்ப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தேன். தண்ணீரை மாற்ற மாற்றச் சிவந்துகொண்டே இருந்தது. அடக்கம் முடிந்து வந்து பார்த்தபோது அந்த விரிப்பு வெள்ளை வெளேரென்று கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அதைக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது.

நீ தட்டினாயாம். தோள் வலிக்கத் தட்டினாயாம். அவர் பின்னாலேயே டிரில் தூக்கிக்கொண்டு போன ஆள் வந்திருந்தார். தோள்பட்டை உடைந்து கட்டுப் போட்டிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணன் எங்களை வாசல்லயே நிறுத்திட்டாரும்மா. அவரு மட்டும் நொண்டிக்கிட்டே போயி அந்தக் குழாய் மேல கை வச்சாரு. நாடி பாக்குற மாதிரி ரொம்ப நேரம் வச்சிருந்தாரு. அப்பறம் எங்களப் பாத்துச் சிரிச்சு, 'ஒண்ணும் இல்ல, வாங்க'ன்னு கை காட்டினாரு. அடுத்த அடி எடுத்து வைக்கிறதுக்குள்ள விழுந்துருச்சு."

ரொம்ப நேரம் கை வைத்திருந்தார். குழாய் சும்மா இருந்தது. உன்னை நம்பி வைத்த கை அது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? மூன்றாம் நாள் நினைவு வந்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "அவன் தட்டியிருப்பான். எனக்குத்தான் தெரியல" என்பது. சாகும்போதும் உனக்குச் சாட்சி சொன்னார். நான் அவர் வாயைப் பொத்தினேன்.

கோர்ட்டில் என்னைக் கேட்பார்கள். தம்பி தட்டவில்லை என்று சொல்வேன். இனி எனக்கு எழுதாதே.


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அத்தான் இறந்ததை உன் கடிதத்தில் படித்தபோது பக்கத்தில் இருந்தவன் ஏதோ கிண்டல் செய்தான். என்ன சொன்னான் என்றுகூட எனக்குத் தெரியாது. அவன் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினேன், நாலு பேர் வந்து பிரிக்கும் வரை மோதினேன். இருட்டறையில் போட்டார்கள். அங்கே உட்கார்ந்து திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தேன், தரையில், கதவில், என் மண்டையில். தட்டினேன் அக்கா. தட்டியது என் கை, எனக்குத் தெரியாதா?

வக்கீலிடம் சொன்னேன். "தட்டினா என்ன, தட்டாட்டி என்ன? அதெல்லாம் கோர்ட்டுக்குப் புரியாதுப்பா" என்கிறார். கோர்ட்டுக்குப் புரியவேண்டாம். ஆயுசுக்கும் உள்ளே போடட்டும், நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். தட்டாமல் போட்டான் என்று மட்டும் நீ சொல்லாதே. அப்படிச் சொன்னால் நான் அவரைக் கொன்றவன் ஆகிவிடுவேன்.

இருட்டறையில் கெட்ட நினைப்பெல்லாம் வருகிறது. அவருக்குக் கேட்டிருக்கும், கேட்டும் நின்றிருப்பார், உன்னை எனக்கு எதிரியாக்கத்தான் நின்றார் என்றெல்லாம் நினைக்கிறேன். நினைத்துவிட்டு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்கிறேன். தட்டியதும் உண்மை, அவர் பொய் சொல்லாதவர் என்பதும் உண்மை என்றால் நடுவில் என்ன நடந்தது? யோசித்தால் தலை வெடிக்கிறது.

தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

இதை அனுப்புவதா வேண்டாமா என்று ஒரு வாரம் வைத்திருந்தேன். அனுப்பாமல் விட்டால் நீ எனக்குப் பொய்யனாகவே இருப்பாய், அது எனக்குச் சுலபம். அனுப்பினால் உனக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன். ஆனால் அவர் வாயைப் பொத்திய கை இது. இனி எதையும் பொத்துவதாக இல்லை.

போன வாரம் பழைய பிளாக்குக்குப் போனேன். மறுநாள் முழுசாக இடிக்கிறார்கள் என்றும், அவருடைய சாமான் பை உள்ளேயே கிடக்கிறது என்றும் டிரில் பிடிக்கிறவர் வந்து சொன்னார். அவரே கூட்டிக்கொண்டு போனார். தலையில் தொப்பி மாட்டிவிட்டார்கள். கிணற்றில் பாதி செங்கல் குவியல். பை சுவரோரம் கிடந்தது, உளி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் அப்படியே. உன் கதவுக்கென்று எண்ணெய்ப் புட்டி ஒன்று தனியாக வைத்திருந்தார், ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கும் என்று.

பையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பழக்கதோஷத்தில் குழாய்மேல் கை வைத்தேன். ஆடியது. சுவரில் ஒரே ஒரு கவ்வியில் நின்றுகொண்டிருந்தது. கீழே நின்று பார்த்தால் முதல் மாடிச் சன்ஷேடு மறைக்கிறது, ஒன்றும் தெரியாது. நான் செங்கல் குவியல் மேல் ஏறிப் பார்த்தேன். சன்ஷேடுக்கு மேலே குழாய் இல்லை. முதல் மாடி முழுக்க வெறும் சுவர். அதற்கு மேலே, இரண்டாம் மாடியிலிருந்து மறுபடி குழாய் தொடங்கி உன் ஜன்னல் வரை போகிறது.

அறுத்த முனையைத் தடவிப் பார்த்தேன். பிசிறில்லாமல் ராவியிருந்தது.

நீ தட்டியிருக்கிறாய். இரண்டாம் மாடி வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. அவர் கை வைத்திருந்தது எதோடும் ஒட்டாத ஒரு இரும்பின்மேல். நீ சொன்னதும் பொய்யில்லை, அவர் சொன்னதும் பொய்யில்லை.

அறுத்ததை நீ எனக்கு எழுதியிருந்தாய். நான் படித்தேன். தாடை உடைந்ததற்குத் திட்டினேனே தவிர, குழாய் போனால் தட்டு எப்படிக் கீழே வரும் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. அந்தக் கிணற்றில் வளர்ந்தவள் நான், கை வைத்துப் பார்த்துப் போங்கள் என்று அவரை அனுப்பியவளும் நான். யாரைத் திட்டுவது? டிரில் பிடிக்கிறவர் என்னைக் கீழே இறக்கிவிட்டார்.

மறுநாள் அந்தக் கட்டடம் விழுந்ததை இங்கே ஜன்னலிலிருந்து பார்த்தேன். கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். இந்த வீட்டில் குழாயெல்லாம் சுவருக்குள் ஓடுகிறது. அன்றைக்குச் சுவரில் மூன்று தட்டுத் தட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து, "ஆணி அடிக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

கோர்ட்டில் சொல்கிறேன். எங்கள் பிளாக்கில் தட்டிவிட்டுத்தான் போடுவோம் என்றும், நீ தட்டினாய் என்றும் சொல்கிறேன். அவர் சொன்ன சாட்சியும் அதுதான். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதற்கு எனக்குத் தெம்பில்லை. கூடத்தில் உன் இடம் இருக்கிறது, அதுவும் அப்படியேதான் இருக்கிறது.

அக்கா


மே 3

அக்காவுக்கு,

படித்தேன். பல தடவை படித்தேன். இங்கே படித்துப் பார்த்துவிட்டு அனுப்புகிற அதிகாரி அதைக் கையில் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எதைக்கொண்டு தட்டினேன் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை, வக்கீலும் கேட்கவில்லை. நான் தட்டினேன் என்று கோர்ட்டில் நீ சொல்வதாக இருந்தால் இதையும் சேர்த்துச் சொல். அறுத்த துண்டுகளில் ஒன்று என் கையில் இருந்தது. அதைக்கொண்டுதான் தட்டினேன்.

தம்பி